பூனையை விடுதியில் விடும் முன்: ஒரு தணிக்கையாளரின் குறிப்புகள்

"ரொம்பச் சமத்து. நாலு நாளும் ஒரு தொந்தரவு இல்லை. இருக்கிற இடமே தெரியவில்லை."

ஊருக்குப் போகும்போது பூனையைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் என் பூனை மிளகை முதன்முதலாக விட்டு, திரும்ப அழைத்துவரப் போனபோது அங்கே இருந்தவர் இப்படித்தான் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். காலை ஒன்று, இரவு ஒன்று என்று நாலு நாளுக்கு 8 உணவுப் பொட்டலங்கள் கொடுத்திருந்தேன். 7 திரும்பி வந்திருந்தன. மிளகைத் தூக்கினால் எடை குறைந்திருப்பது கைக்கே தெரிந்தது. நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்த் தலையைக் கவிழ்த்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

போன் செய்து கேட்டேன். "அப்படியா? கவனிக்கவில்லையே. அமைதியாகத்தானே இருந்தது" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் தொழில் கணக்குத் தணிக்கை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான். வீட்டில் மிளகும், இரண்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்த சாமியாரும் இருக்கிறார்கள். (எந்நேரமும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பெயர்க் காரணம் அவ்வளவுதான்.) அந்த முதல் அனுபவத்துக்குப் பிறகு ஏழெட்டு விடுதிகளின் படி ஏறி இறங்கிவிட்டேன். ஆபீசில் செய்வதையேதான் அங்கும் செய்தேன். சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டேன், அப்புறம் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். பதிவேடு எங்கே வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த "அமைதி"யைப் பார்த்துவிடலாம்.

சமத்துப் பூனை

நாய் பயந்தால் தெருவுக்கே கேட்கும். பூனை பயந்தால் சத்தம் அடங்கிவிடும். பழகிய இடமும் பழகிய வாசனையும் ஒரே நாளில் போய்விட்டால் பெரும்பாலான பூனைகள் ஒடுங்கிக்கொள்ளும். உடம்புக்கு முடியாவிட்டாலும் அதே ஒடுக்கம்தான். நிம்மதியாகத் தூங்கும் பூனை பக்கவாட்டில் சரிந்து, காலை நீட்டி, வயிறு தெரியப் படுக்கும். பயத்தில் இருப்பது நாலு காலையும் உடம்புக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, முதுகைக் குறுக்கி, கண்ணை மூடின மாதிரி இருக்கும். காது மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பும். பார்க்கிறவருக்கு அது தூக்கம்.

ஒளிந்துகொள்ள இடமே இல்லையென்றால் பூனை லிட்டர் தட்டுக்குள் (மலஜலம் கழிக்க மணல் போல் பரப்பி வைக்கிற தட்டு) போய் உட்கார்ந்துவிடும். நான் போன ஒரு விடுதியில் இரண்டு பூனைகள் அப்படி உட்கார்ந்திருந்தன. சுற்றிக் காட்டியவர், "இதுங்களுக்கு அந்த இடம்தான் பிடித்திருக்கிறது" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கெஸ்லர், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் விடுதிப் பூனைகளை இரண்டு வாரம் கவனித்து 1997-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பூனைகளின் பதற்றம் பெருமளவு இறங்கியது முதல் நாலு நாளில்தான். ஆனால் எல்லாப் பூனைகளும் பழகிவிடவில்லை. சில பூனைகளுக்கு அந்த இரண்டு வாரமும் போதவில்லை. நம்மில் பலர் நாலைந்து நாளுக்குத்தான் பூனையை விடுகிறோம். அதாவது நம் பூனை அங்கே இருக்கும் காலம் முழுவதுமே அந்தக் கஷ்டமான நாட்கள்தான்.

அனுப்பத்தான் வேண்டுமா?

இரண்டு மூன்று நாள் பயணம், பூனைக்கு நோய் நொடி இல்லை, நம்பகமான ஒருவர் காலையும் மாலையும் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்றால், பூனையை வீட்டிலேயே விடுங்கள். தனக்குப் பழகிய சோபா இருக்கும்வரை பூனைக்கு நம் பிரிவு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. (இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருஷம் ஆயிற்று.) வருகிறவர் சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடிவிடாமல், பூனையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பயணம் நீளும்போது, வேளாவேளைக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்போது, வீட்டில் கட்டட வேலை நடக்கும்போது, கதவு திறந்தால் பாய்ந்துவிடும் பூனை என்னும்போது விடுதி மேல். நீரிழிவுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டிய பூனையைப் பக்கத்து வீட்டுக்காரரின் அன்பை நம்பி விட முடியாது.

முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடியாத குட்டியை எங்கேயும் அனுப்பாதீர்கள். அந்தச் சுற்றின் கடைசி ஊசி குட்டிக்கு 16 வார வயது நிரம்பிய பிறகு போடப்பட்டிருக்க வேண்டும்.

போனில் இரண்டு கேள்வி

நேரில் போவதற்கு முன் போனிலேயே பாதி விடுதிகளைக் கழித்துவிடலாம். முதல் கேள்வி: "என்னென்ன தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்?" அவர்கள் சொல்ல வேண்டியது பான்லூக்கோபீனியா (குடலைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய்), தும்மலும் சளியும் கொடுக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ், கலிசிவைரஸ். மூன்றும் சேர்ந்து ஒரே ஊசியாக வரும். வெறிநோய் ஊசியையும் பல இடங்களில் கேட்பார்கள். சான்றிதழைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும், தேதியைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னச் சோதனை செய்வேன். "ஊசி போட்டுக் கொஞ்சம் நாளாகிவிட்டது, இந்த ஒரு தடவை சமாளித்துக்கொள்ளலாமா?" என்று கேட்பேன். "பரவாயில்லை, கொண்டு வாருங்கள்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். எனக்காக வளைகிற விதி எல்லோருக்காகவும் வளையும். பக்கத்து அறையில் இருக்கப்போகிற பூனைக்கும் ஊசி இருக்காது.

நம் பக்கத்து வேலையும் ஒன்று உண்டு. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. கடைசி ஊசி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், விடுதிக்குப் போவதற்கு 7 முதல் 10 நாள் முன்பு ஒரு பூஸ்டர் (பாதுகாப்பைப் புதுப்பிக்கும் ஊசி) போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ஓடிப்போய்ப் போடுவதில் சான்றிதழ் கிடைக்கும், எதிர்ப்புச் சக்தி கிடைக்காது.

இரண்டாவது கேள்வி: "இரவில் அங்கே யார் இருப்பார்கள்?" "கேமரா இருக்கிறது" என்பது பதில் ஆகாது. கேமராவுக்குக் கை கிடையாது. ஆள் அங்கேயே தங்குகிறாரா, பக்கத்தில் வசிக்கிறாரா, புகை வந்தால் அடிக்கிற மணி இருக்கிறதா, பூனைகளை வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இதையெல்லாம் கேட்கும்போது எதிர்முனையில் எரிச்சல் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரில் போனால்: மூக்கு, காது, அப்புறம் கண்

போட்டோவில் எல்லா விடுதியும் அழகு. சுவரில் வரைந்த மீன்கள், குட்டிக் கட்டில், பெயர் எழுதிய பலகை எல்லாம் நமக்காக வைத்தவை. பூனைக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்பது கதவைத் திறந்ததும் மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

மூத்திர நெடி அடித்தால் காற்றோட்டம் இல்லை, அல்லது தட்டு அள்ளுவதில்லை. ஊதுவத்தியோ வாசனைத் திரவமோ அடித்தால் எதை மூடுகிறார்கள் என்று யோசியுங்கள். நமக்கே மூக்கு நமைக்கும் வாசனை பூனைக்கு எப்படி இருக்கும்? பினாயில் வாசம் வந்தால் திரும்பிவிடுங்கள். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கிறதே, அந்த வகைக் கழுவு திரவங்களில் பெரும்பாலும் ஃபீனால் சார்ந்த பொருட்கள் இருக்கும். அவற்றை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதிகள் பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ஈரத் தரையில் நடந்து, அந்தப் பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும்.

பிறகு எதைக் கொண்டு கழுவ வேண்டும்? திரவ ப்ளீச் போதும். 1 பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர். 10 நிமிஷம் ஊற வேண்டும். முதலில் அழுக்கைக் கழுவிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், அழுக்கின்மேல் ஊற்றினால் வேலை செய்யாது. பிறகு நன்றாக அலசி, காயவிட்டு, அதன்பின்தான் அடுத்த பூனை. இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் பான்லூக்கோபீனியா வைரஸ். அறைக்குள் அது ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கும். கைக்குப் போடும் சாராயச் சானிட்டைசரை நம்பி அதனிடம் போக முடியாது. "எதால் கழுவுகிறீர்கள், எத்தனை நிமிஷம் விடுவீர்கள்?" என்று நான் கேட்டதற்கு ஒரே ஒரு விடுதியில்தான் நிமிஷக் கணக்கில் பதில் வந்தது. மற்றவர்கள் எல்லாம் "நன்றாகக் கழுவுவோம்" என்றார்கள்.

அடுத்து காது. நாய் குரைப்பது கேட்கிறதா? நாயும் பூனையும் ஒரே கட்டடத்தில் இருக்கும் விடுதிகள் நிறைய. நாய் பூனையின் கண்ணில் படாது என்று உறுதி சொல்வார்கள். காதிலும் மூக்கிலும் படுமே? நான் போன ஓரிடத்தில் நாய்களை நடைக்கு அழைத்துப்போகும் வழியே பூனை அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டித்தான் போனது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பூனைகளுக்கு நெஞ்சு படபடத்திருக்கும்!

கண்ணுக்கான வேலை இனிமேல்தான். வாசலுக்கும் பூனை அறைக்கும் நடுவே இரண்டு கதவு இருக்க வேண்டும்; ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். பழகாத இடத்தில் தப்பி ஓடிய பூனை திரும்பி வர வழி தெரியாமல் அலையும். நான் உள்ளே போனபோது என்னை முன்னே விட்டு, வெளிக்கதவு மூடியதைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு உள்கதவைத் திறந்த அம்மாவை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அவரைப் பற்றிப் பிறகு வரும்.

பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு நடுவே முழு உயரத் தடுப்பு இருக்கிறதா, அல்லது வெறும் கம்பி வலையா? கம்பி வலை என்றால் ஒன்று தும்மினால் மற்றதன் முகத்தில் விழும். ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒருமுறை வந்த பூனையின் உடம்பிலேயே தங்கிவிடும். வெளிப்பார்வைக்கு நல்லபடியாக இருக்கும் பூனைக்கு இடமாற்றத்தின் அழுத்தம் வந்து, ஒரு வாரம் போல் கழித்து மறுபடி வைரஸ் வெளியாகத் தொடங்கும். அதனால் "இங்கே இருக்கிற எல்லாமே ஆரோக்கியமான பூனைகள்" என்று அவர்கள் மனசாரச் சொன்னாலும் தடுப்பு தேவைதான். தடுப்பு இல்லாத இடத்தில் வரிசைகளுக்கு நடுவே குறைந்தது 60 சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். இத்தனைக்கும் மேல் ஒரு பூனைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் தள்ளி வைக்கத் தனி அறை எங்கே என்று கேளுங்கள். கையால் சுட்டிக் காட்ட வேண்டும்.

கூண்டு இல்லாத விடுதி என்று இப்போது ஒரு பெருமை உண்டு. பத்துப் பூனைகள் ஒரே ஹாலில் கும்பலாக விளையாடும் படம் போடுவார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பூனை அறிமுகம் இல்லாத பூனையை விருந்தாளியாக நினைப்பதில்லை. தன் இடத்துக்குப் போட்டியாகத்தான் பார்க்கும். சண்டை வெளியில் தெரியாது. ஒன்று வழியில் படுத்துக்கொண்டு முறைத்தால் போதும், இன்னொன்று லிட்டருக்கே போகாமல் அடக்கிக்கொள்ளும். கிண்ணத்தையும் எச்சிலையும் பகிர்ந்தால் லுக்கீமியா வைரஸ், கடித்தால் எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ்), ஒரே லிட்டர் தட்டென்றால் குடல் கொரோனா வைரஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை திறந்துகிடக்கும். ஒரே வீட்டுப் பூனைகள் சேர்ந்து இருக்கலாம், வேறு வீட்டுப் பூனையோடு வேண்டவே வேண்டாம். ஒரே வீட்டுப் பூனைகளுக்கும் சண்டை வந்தால் பிரித்து வைக்க இன்னொரு அறை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறையின் பரப்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நான் உயரத்தைக் கேட்பேன். ஏறி உட்கார ஒரு பலகை, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, சாப்பாட்டுக்கு எதிர்மூலையில் லிட்டர், இவை இருந்தால் சின்ன அறையும் போதும். பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் காப்பகப் பூனைகளை வைத்துச் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், ஒளிய ஒரு பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. அட்டைப்பெட்டிக்கு என்ன செலவு? அதுவே இல்லாத "ஆடம்பர" அறைகளைப் பார்த்திருக்கிறேன். எதிரில் டிவி இருந்தது, மீன் நீந்திக்கொண்டிருந்தது.

வரவேற்பு மேஜையில் பூச்சாடி இருந்தால் என்ன பூ என்று பாருங்கள். லில்லி என்றால் அந்த இடத்தின் பூனை அறிவு அவ்வளவுதான். மகரந்தத்தை நக்கினாலோ சாடித் தண்ணீரைக் குடித்தாலோகூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். தெள்ளுப்பூச்சி மருந்தைப் பற்றியும் கேளுங்கள். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு. "எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் போடுவோம்" என்ற பதிலை ஒரு தடவை கேட்டேன்.

பதிவேடு

இப்போது என் பேட்டைக்கு வந்துவிட்டோம்.

பூனை வாய் திறந்து சொல்லாது. முகத்திலும் காட்டாது. ஆனால் அது இரண்டு இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறது: கிண்ணத்திலும் லிட்டர் தட்டிலும். அந்தக் கணக்கை யாராவது ஒருவர் தினமும் படித்து எழுதுகிறார்களா என்பதுதான் நான் தேடுகிற ஒரே விஷயம். மற்றதில் ஒன்றிரண்டு குறை இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதில் மாட்டேன்.

நேற்றைய தாளைக் காட்டச் சொல்லுங்கள். வேறு பூனையின் தாள்தான் இருக்கும், உரிமையாளர் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு காட்டினால் போதும். அதில் எவ்வளவு உணவு வைத்தார்கள் என்பதோடு எவ்வளவு மிச்சம் இருந்தது என்றும் இருக்க வேண்டும். "சாப்பாடு வைத்தாயிற்று" என்று எழுதுவது வைத்தவரைப் பற்றிய தகவல், பூனையைப் பற்றியது இல்லை. லிட்டரில் மூத்திரக் கட்டி (மூத்திரம் பட்டுத் திரள்வது) எத்தனை, பெரிதா சின்னதா, மலம் போனதா, எப்படி இருந்தது, வாந்தி உண்டா, ஒளிந்தே இருந்ததா வெளியே வந்ததா, மருந்து கொடுத்த நேரம் என்ன, கொடுத்தவர் யார் என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும்.

பொய்ப் பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பிழைப்பே அதுதான். ஏழு நாள் கட்டமும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு, எல்லாவற்றிலும் "நன்று". நிஜப் பதிவேடு அசிங்கமாக இருக்கும். மை மாறும், கறை இருக்கும், ஓரத்தில் "இரவு 9 மணிக்குக் கையால் ஊட்டினேன், 3 கவளம்" என்று குறுக்காக எழுதியிருக்கும். அப்படி ஒரு தாளை இரட்டைக் கதவு அம்மாவின் விடுதியில்தான் பார்த்தேன். கட்டடம் பழசு, சுவரில் மீன் படமெல்லாம் இல்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தாளைப் பார்த்த பிறகு ஒரு கேள்வி: "பூனை சாப்பிடாவிட்டால் என்ன செய்வீர்கள்?" "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்பது மனிதக் குழந்தைக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். பூனை இரண்டு மூன்று நாள் முழுசாகப் பட்டினி கிடந்தால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்க் குவிந்து ஈரலே கெட ஆரம்பிக்கலாம். குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். ஆக, பதிலில் மணிக்கணக்கு இருக்க வேண்டும். அந்த அம்மா சொன்னது: "முதல் ராத்திரி விட்டுப் பிடிப்பேன். 24 மணி நேரம் ஒன்றும் உள்ளே போகவில்லை என்றால் உங்களைக் கூப்பிடுவேன், உணவை லேசாகச் சூடு பண்ணிக் கொடுத்துப் பார்ப்பேன். மறுநாளும் அப்படியே என்றால் டாக்டர்."

சாமியார் விஷயத்தில் அந்தத் தாள் பேசியது. மூன்றாம் நாள் நண்பகல், நான் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது போன். "நேற்றுவரை நாளைக்கு இரண்டு பெரிய கட்டி. இன்று காலையிலிருந்து சின்னதாக அஞ்சு. ஆள் அமைதியாகத்தான் இருக்கிறான். அதனால்தான் கூப்பிட்டேன்." கடுவன் பூனைக்கு மூத்திரக்குழாய் மிகக் குறுகல், மன அழுத்தத்தில் சிறுநீர்ப்பை வீங்கி, அடைப்பு முழுசாக விழுந்துவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். அன்று மருத்துவர் பார்த்தபோது அடைப்பு இன்னும் விழவில்லை, வீக்கம்தான். மருந்தோடு போயிற்று. "ஆள் அமைதியாகத்தான் இருக்கிறான், அதனால்தான்" என்று அவர் சொன்னதை மட்டும் நான் மறக்கவில்லை. முதல் விடுதியில் அதே அமைதிக்காக மிளகைப் பாராட்டியிருந்தார்கள்.

காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த மருத்துவரிடம் கொண்டுபோவார்கள், உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் யார் முடிவெடுப்பது, எந்தத் தொகைவரை உங்களைக் கேட்காமல் செலவு செய்யலாம் என்று மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். விமானத்தில் நீங்கள் இருக்கும் மூன்று மணி நேரத்தில்தான் எல்லாம் நடக்கும். மனிதர் மாத்திரை எதையும் தரக்கூடாது என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் ஒரே ஒரு பாரசிட்டமால் பூனையைக் கொல்லப் போதும். பூனைக்கு மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போட்டிருந்தால், அந்த 15 இலக்க எண்ணோடு பதிவாகியிருப்பது உங்கள் இப்போதைய போன் எண்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் இரண்டு எண்ணுக்கு முந்தைய எண் இருந்தது, தணிக்கையாளர் லட்சணம்!

ஒரு ராத்திரி ஒத்திகை

பெரிய பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஒரே ஒரு இரவு விட்டுப் பாருங்கள். ஊரிலேயே இருங்கள், அழைத்தால் போகிற தூரத்தில். மறுநாள் தாளைக் கேளுங்கள். ஒரு வேளையாவது சாப்பிட்டு, ஒரு தடவையாவது லிட்டருக்குப் போயிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ராத்திரி பூராவும் கம்பியில் மோதி மூக்கைக் காயப்படுத்திக்கொள்ளும் பூனையும் உண்டு. அதற்கு விடுதியே சரிப்படாது, வீட்டுக்கு ஆள் வரவழைக்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

பூனையைத் தூக்கிப்போகும் கேரியர் பெட்டியைப் பயண நாளன்று பரணிலிருந்து இறக்கினால் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். சில வாரம் முன்பே இறக்கி, கதவைத் திறந்து, உள்ளே பழைய துணி போட்டு ஹாலிலேயே வையுங்கள். சாமியார் இப்போது அதில்தான் தவம் செய்கிறான்.

பையில் அதே உணவு, அதே வகை லிட்டர், மருந்து இருந்தால் அளவும் நேரமும் எழுதிய சீட்டு. துவைக்காத போர்வை ஒன்று, நீங்கள் இரண்டு நாள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று. அதைத் துவைத்துவிட வேண்டாம் என்று விடுதியில் சொல்லிவிடுங்கள், அந்த அறையில் வீடு என்று இருப்பது அந்த வாசனை மட்டும்தான். உணவுப் பொட்டலங்களை எண்ணிக் கொடுங்கள்.

பூனையின் கெட்ட குணங்களை மறைக்காமல் எழுதுங்கள். கடிக்குமா, வாலைத் தொட்டால் கோபம் வருமா, மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்புமா? நம் பிள்ளையைப் பற்றி யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று நல்லதாகவே எழுதிக் கொடுக்கத் தோன்றும். முதல் தடவை நான் "மிளகு யாரிடமும் பழகுவாள்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவர்கள் அதை நம்பியதிலும் தப்பில்லை.

விடும்போது வாசலில் நின்று கொஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். அறையில் கேரியரைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். எப்போது வெளியே வருவது என்பதைப் பூனையே முடிவு செய்துகொள்ளட்டும்.

திரும்பி வந்த பிறகு

முதல் நாள் உங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், அல்லது காலையே விடாமல் சுற்றலாம். இரண்டும் வழக்கம்தான். வீட்டில் இன்னொரு பூனை இருந்து, ஒன்றை மட்டும் விடுதியில் விட்டிருந்தால், வீட்டிலிருந்தது வந்ததைப் பார்த்துச் சீறும். ஆளை அல்ல, வாசனையை அடையாளம் தெரியாமல்தான். வந்ததை ஒரு நாள் தனி அறையில் வைத்து, இரண்டின் துணிகளையும் மாற்றிப் போட்டு, பிறகு சேர்த்தால் சரியாகிவிடும். மிளகை ஒரு தடவை சாமியார் முழுசாக ஒன்றரை நாள் வீட்டுக்குள் விடவில்லை, அந்த வீடே அவளுடையது.

அடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்குத் தும்மல், கண்ணில் நீர், சாப்பாட்டில் மந்தம் வருகிறதா என்று பாருங்கள். ஹெர்ப்பிஸ் தலைகாட்டும் காலம் அது. வந்தால் மருத்துவரிடம் போங்கள், விடுதிக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்; பக்கத்து அறையில் இருந்த பூனையின் வீட்டாருக்கு அவர்கள் தெரிவிக்க வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லும்போது சண்டைக்கு வராமல் தேதியைக் குறித்துக்கொள்கிற இடம் என்றால் அடுத்த தடவையும் அங்கேயே போகலாம்.

போன முறை ஏழு நாள். இரண்டு பூனைக்கும் சேர்த்து 28 பொட்டலம் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, பையைப் பிரித்து, வழக்கம்போல் எண்ணினேன். 3 மிச்சம். தாளை எடுத்துப் பார்த்தேன்: முதல் நாள் காலையும் இரவும் மிளகு தொடவில்லை, இரண்டாம் நாள் காலையும் தொடவில்லை, "போன் செய்தேன்" என்று ஓரத்தில் நேரத்தோடு எழுதியிருந்தது. என் போனில் அழைப்பு வந்த நேரத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு நிமிஷம்தான் வித்தியாசம்.